பெர்செபாயா யாருக்குச் சொந்தம்?

2017 நவம்பர் 8 அன்று பயாங்கரா எஃப்சி என்ற அணி இந்தோனேசியாவின் அப்போதைய முதல்நிலைக் கால்பந்து லீகான லிகா 1 பட்டத்தை உறுதி செய்தது. அதே மாதம் 28ஆம் தேதி பாண்டுங்கில் நடந்த, அதற்கு அடுத்த நிலை லீகான லிகா 2 இறுதியாட்டத்தில் சுராபாயா நகரத்தின் பழைய கிளப்பான பெர்செபாயா கூடுதல் நேரம்வரை போராடி, பிஎஸ்எம்எஸ் மேடானை 3-2 என வென்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை தொடர்பில்லாத இரண்டு செய்திகள். ஆனால் பயாங்கரா என்பது 2015 வரை பெர்செபாயா என்ற பெயரிலேயே சுராபாயாவில் ஆடிக்கொண்டிருந்த அணி. அசல் பெர்செபாயா அந்த ஆண்டுகளில் முதலில் அங்கீகாரமில்லாத லீகில் ஆடியது, பிறகு ஆட இடமே இல்லாமல் கிடந்தது.

1927இல் தொடங்கிய ஒரு கிளப்பின் பெயரை இன்னோர் அணி எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆட முடிந்தது எப்படி? யாரோ சிலர் செய்த சூழ்ச்சி என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தச் சூழ்ச்சிக்கு இடம் கொடுத்தது கிளப்பின் அமைப்பு. இந்தோனேசியாவின் பழைய கிளப்புகளுக்கு நான்கு அடுக்குகள் உண்டு. அடியில் நகரத்தின் சிறு கிளப்புகள் சேர்ந்த சங்கம். அதற்கு மேல் தேசியக் கூட்டமைப்பான பிஎஸ்எஸ்ஐ தரும் உறுப்பினர் இடமும் வாக்குரிமையும். பிறகு, தொழில்முறை லீகில் ஆட வேண்டுமானால் இருக்க வேண்டிய 'பிடி' என்ற பங்கு நிறுவனம். இவை எல்லாவற்றையும் சுற்றி நிற்கும் ரசிகர்கள். நான்கும் சேர்ந்திருந்தவரை பெர்செபாயா யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

சங்கமாகப் பிறந்தது

சுராபாயாவில் டச்சுக்காரர்களின் கால்பந்துச் சங்கம் 1910 முதலே இருந்தது. எஸ்விபி என்பது அதன் சுருக்கப் பெயர். நல்ல மைதானங்களும் லீகும் அதன் கையில். உள்ளூர்க்காரர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கியது 1927 ஜூன் 18. தொடங்கியவர்கள் பாய்ஜோ, எம். பாமுஜி இருவரும். பெயர் டச்சு மொழியில்தான் இருந்தது, ஆனால் அதில் 'இந்தோனேசிய' என்ற சொல் இடம்பெற்றது: எஸ்ஐவிபி. ஒரே தாய்நாடு, ஒரே மொழி என்று இளைஞர் மாநாடு உறுதிமொழி எடுத்தது 1928 அக்டோபரில். இந்தச் சங்கம் அதற்கும் ஓராண்டு மூத்தது.

1930 ஏப்ரல் 19 அன்று யோக்யகர்த்தாவில் ஏழு நகரச் சங்கங்கள் கூடி பிஎஸ்எஸ்ஐயை உருவாக்கின. ஜகார்த்தா, பாண்டுங், யோக்யகர்த்தா, சோலோ, மடியுன், மகெலாங் சங்கங்களுடன் சுராபாயாவும் கையெழுத்திட்டது. ஜெர்மனியில் படித்துத் திரும்பிய பொறியாளர் சுராத்தின் சொஸ்ரோசுகொண்டோ முதல் தலைவரானார். ஆக, பிஎஸ்எஸ்ஐ வந்து பெர்செபாயாவுக்கு அங்கீகாரம் தரவில்லை. பெர்செபாயாவும் மற்ற ஆறு சங்கங்களும் சேர்ந்துதான் பிஎஸ்எஸ்ஐயைப் பெற்றெடுத்தன. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே பிஎஸ்எஸ்ஐ இந்தக் கிளப்பை உறுப்பினராக ஏற்க மறுத்தபோது சுராபாயாவில் எழுந்த கோபத்தின் வேர் இங்கே இருக்கிறது.

1938 உலகக் கோப்பைக்குப் போன 'டச்சுக் கிழக்கிந்தியா' அணியிலும் சுராபாயாக்காரர்கள் இருந்தார்கள். கண்ணாடி அணிந்து ஆடிய அணித்தலைவர் அகமது நாவிர், எச்பிஎஸ் என்ற சுராபாயா கிளப்பைச் சேர்ந்தவர். ரெம்ஸ் நகரில் ஹங்கேரியிடம் 0-6 என்று தோற்றுத் திரும்பிய அந்த அணியை அனுப்பியது டச்சுக்காரர்களின் அமைப்பு. பிஎஸ்எஸ்ஐ அந்த ஏற்பாட்டோடு உடன்படாமல் விலகி நின்றது.

ஜப்பானியர் ஆட்சியில், 1943இல், டச்சுப் பெயர் போய் 'பெர்சிபாயா' வந்தது. 1960ஐ ஒட்டி அது இன்றைய 'பெர்செபாயா' ஆனது. இடையில் நடந்த இன்னொரு மாற்றம்தான் களத்தில் பலன் தந்தது. 1949 இறுதியில் டச்சுக்காரர்கள் அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபின், பழைய எஸ்விபி கலைந்தது. அதில் இருந்த கிளப்புகள் பெர்சிபாயாவின் குடைக்கீழ் வந்தன. சீனர்களின் தியோங் ஹோவா கிளப்பின் ஆட்டக்காரர்களும் அப்படித்தான் நகர அணிக்குள் வந்தார்கள். அரபு வம்சாவளியினர் வாழும் அம்பெல் பகுதியிலிருந்து அஸ்ஷபாப் கிளப் ஆட்டக்காரர்களைத் தந்தது. 1951, 1952 என அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டங்கள் கிடைத்ததற்கு இந்தக் கலப்பே காரணம் என்பது என் கணிப்பு. ஜாவாக்காரர், மதுராக்காரர், சீனர், அரபியர், மலுக்குத் தீவினர் என்று துறைமுக நகரத்தில் இருந்த எல்லோரும் ஒரே சட்டைக்குள் வந்தார்கள். தியோங் ஹோவா பின்னர் அரசியல் நெருக்கடியில் பெயர் மாறி, சூர்யநாகா என்று இன்றும் இருக்கிறது.

சிறு கிளப்புகள் எப்படி வேலை செய்தன

நகரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உள் கிளப்புகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு புரவலர்: வியாபாரி, கல்லூரி, ராணுவப் பிரிவு, கடற்படை, ஏதோ ஒரு தெருவின் பெரியவர். பந்து, சட்டை, பயிற்சியாளர் செலவெல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்தக் கிளப்புகளுக்குள் ஆண்டு முழுக்க உள்லீக் நடக்கும். ஏற்றமும் இறக்கமும் அதிலும் உண்டு. தேசியப் போட்டி நெருங்கும்போது அதில் ஆடிய சிறந்தவர்களைச் சங்கம் அழைத்து நகர அணி அமைக்கும். போட்டி முடிந்தால் ஆட்டக்காரர் தன் கிளப்புக்குத் திரும்பிவிடுவார். இப்படித் தேர்ந்த நகர அணிகள் மோதிய தேசியப் போட்டிக்குப் பெயர் பெர்செரிகாத்தான்.

ஆட்டக்காரர்கள் பெயரளவில் தொழில்முறை சாராதவர்கள். நகராட்சி, குடிநீர் வாரியம், வங்கி போன்ற இடங்களில் அவர்களுக்கு வேலை கிடைக்கும். பெரும்பாலும் நகர மேயரே சங்கத்தின் தலைவர். பணம் நகராட்சி வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வரும். சங்கத்தின் பொதுக்குழுவில் வாக்கு மட்டும் உள் கிளப்புகளுக்கு. இந்த ஏற்பாட்டின் பலம், ஆட்டக்காரர் வரத்து ஒருபோதும் வற்றாது என்பது. பலவீனம், கால்பந்து நகர அரசியலின் ஒரு கையாகிவிடும் என்பது. இரண்டையும் பெர்செபாயா முழுமையாக அனுபவித்தது.

1978இல் ஜகார்த்தாவின் செனயான் அரங்கில் அந்நகர அணியான பெர்சிஜாவை 4-3 என்று வென்ற அணி இந்த முறையின் உச்சம். அப்துல் காதிர், ரூடி கெல்ட்ஜஸ், ஹாடி இஸ்மாந்தோ, ஜோகோ மாலிஸ், ருஸ்டி பஹல்வான் போன்றவர்கள் அதில் ஆடினார்கள்.

மறுபக்கம் தெரிந்தது 1988இல். அதற்கு முந்தைய ஆண்டு இறுதியாட்டத்தில் பெர்செபாயா, பிஎஸ்ஐஎஸ் செமாராங்கிடம் 0-1 என்று தோற்றிருந்தது. 1988 பிப்ரவரி 21 அன்று தம்பாக்சாரியில் உள்ள கெலோரா 10 நவம்பர் அரங்கில், சொந்த மைதானத்தில், பெர்சிபுரா ஜெயபுராவிடம் பெர்செபாயா 0-12 என்று தோற்றது. தோற்றதா, தோற்றுக் கொடுத்ததா என்ற சந்தேகத்துக்கு அந்த எண்ணிக்கையே பதில். பெர்செபாயா ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட்டது. மீதமிருந்த இடத்துக்கு பெர்சிபுராவும் பிஎஸ்ஐஎஸ்ஸும் போட்டி. பெர்சிபுரா பெரிதாக வென்றால் பிஎஸ்ஐஎஸ் வெளியே. அப்படியே நடந்தது. நாட்டு மக்கள் அதை 'யானைக் கால்பந்து' என்று பெயரிட்டு அழைத்தார்கள். வேண்டுமென்றே தோற்கும் எந்த ஆட்டத்துக்கும் இந்தோனேசியாவில் இன்றுவரை அதே பெயர்தான். இழப்பதற்கு ஒன்றுமில்லாத அணியின் கையில் இன்னோர் அணியின் விதியை ஒப்படைத்தது போட்டி அமைப்பின் கோளாறு. நகர கௌரவத்துக்காக எதுவும் செய்யலாம் என்று நினைத்தது பெர்செபாயாவின் குற்றம். ஒரு மாதம் கழித்து அதே பெர்செபாயா கூடுதல் நேரத்தில் பெர்சிஜாவை 3-2 என வென்று சாம்பியன் ஆனது. அந்தக் கோப்பையை இந்தக் கறையோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

போனெக் என்ற ரசிகர் கூட்டம் இன்றைய வடிவத்தை எடுத்ததும் இந்த ஆண்டுகளில்தான். ஜாவா போஸ் நாளிதழ், டஹ்லான் இஸ்கானின் தலைமையில், ஜகார்த்தா ஆட்டங்களுக்கு ஆயிரக்கணக்கான ரசிகர்களைப் பேருந்துகளில் ஏற்றிப் போகும் பயணங்களை ஏற்பாடு செய்தது. பச்சைச் சட்டை, தலைப்பட்டை எல்லாம் அப்போது பரவியவை. ஏற்பாடு இருந்தவரை பயணம் ஒழுங்காக நடந்தது. ஏற்பாட்டாளர் விலகியபின் பயணம் நிற்கவில்லை. கையில் காசில்லாத பையன்கள் டிக்கெட் இல்லாமல் ரயிலேறினார்கள், வழியிலுள்ள நிலையங்களில் உணவுக் கடைகள் சூறையாடப்பட்டன, ஊர்க்காரர்கள் கல்லெறிந்தார்கள். 2010 ஜனவரியில் பாண்டுங் பயணத்தின்போது சோலோவில் நடந்த மோதல்கள்வரை இது நீண்டது. கும்பலின் இயல்பு என்று இதைத் தள்ளிவிடுபவர்கள், பத்தாயிரம் பேர் தொலைதூரம் பயணிக்கும்போது டிக்கெட், உணவு, தங்குமிடம் ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைக் கேட்பதில்லை.

லீகுகள் இணைந்தபோது

பெர்செரிகாத்தானுக்கு இணையாக 1979 முதல் கலாத்தாமா என்ற தொழில்முறை லீக் ஓடியது. தொழிலதிபர்களின் அணிகள் அதில் ஆடின. சுராபாயாவின் நியாக் மித்ரா அதில் மூன்று முறை சாம்பியன். சிங்கப்பூரின் ஃபாண்டி அகமதும் டேவிட் லீயும் ஆடிய அந்த அணி, 1983 ஜூனில் சுற்றுப்பயணம் வந்த ஆர்சனலை 2-0 என்று தம்பாக்சாரியில் வென்றது. ஆனால் கோப்பைகளும் வெளிநாட்டு நட்சத்திரங்களும் இருந்தும், நகரத்தின் மனம் பெர்செபாயாவோடுதான் இருந்தது. கலாத்தாமாவை ஆட்டச் சூதும் அரித்துவிட்டது. 1994இல் இரண்டையும் இணைத்து லிகா இந்தோனேசியா தொடங்கப்பட்டது.

இந்த இணைப்பில் ஒரு சிக்கல் தீர்க்கப்படாமலே விடப்பட்டது. நகரச் சங்கங்கள் அப்படியே தொழில்முறை லீகுக்குள் வந்தன. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தமும் சம்பளமும் தர வேண்டியிருந்தது. பணமோ பழையபடி நகராட்சியிலிருந்து வந்தது. செலவு தொழில்முறைக்கு மாறியபின்னும் வரவு அரசுப் பணமாகவே நின்றது.

ஆனாலும் களத்தில் பெர்செபாயா ஜொலித்தது. 1978 அணியின் ருஸ்டி பஹல்வான் இப்போது பயிற்சியாளர். பிரேசிலின் ஜாக்சன் டியாகோ 26 கோல் அடித்து 1996-97 பருவத்தின் முன்னணிக் கோலடிப்பாளர் ஆனார். நடுக்களத்தில் கார்லோஸ் டி மெல்லோ, இடப்புறத் தற்காப்பில் அஜி சந்தோசோ, இளைஞர்களாக பெஜோ சுகியாந்தோரோ, அனாங் மஃரூஃப், உஸ்தொன் நவாவி. தொலைவிலிருந்து பீரங்கிபோல் உதைக்கும் எரி இரியாந்தோ. 1997 ஜூலை 28 அன்று செனயானில் பாண்டுங் ராயாவை 3-1 என்று வென்றார்கள். உள்லீகில் வளர்ந்த பையன்களோடு சரியாகத் தேர்ந்த வெளிநாட்டவர் சிலரைச் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் அந்த லீகில் இல்லை.

2000 ஏப்ரல் 3 அன்று தம்பாக்சாரியில் பிஎஸ்ஐஎம் யோக்யகர்த்தாவுடனான ஆட்டத்தின்போது எரி இரியாந்தோ நிலைகுலைந்தார். அன்றிரவே உயிர் பிரிந்தது. அவர் அணிந்த 19ஆம் எண்ணைக் கிளப் யாருக்கும் தருவதில்லை. அரங்கையொட்டி கரங்கயாமில் உள்ள ஆட்டக்காரர் விடுதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

பிறகு ஏற்ற இறக்கங்கள். 2002இல் கீழ்ப்பிரிவுக்கு இறக்கம். 2003இல் அதை வென்று மீட்சி. 2004இல் ஜாக்சன் டியாகோ பயிற்சியாளராக இருக்க மீண்டும் சாம்பியன். கடைசி நாளில் பெர்சிஜாவை 2-1 என்று வென்று, பிஎஸ்எம் மக்காசாருக்குச் சமமாக 61 புள்ளிகளோடு முடித்து, பட்டத்தைத் தட்டியது. லிகா இந்தோனேசியாவை இரண்டு முறை வென்ற முதல் கிளப் இதுதான். அடுத்த ஆண்டே ஜகார்த்தாவில் நடந்த எட்டு அணிகள் சுற்றில் பெர்சிஜாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு வர மறுத்தது. ரசிகர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டியது. தண்டனையாக மறுபடியும் கீழ்ப்பிரிவு. ஆட்டத்தைப் புறக்கணிப்பது ஓர் ஆயுதம் என்ற எண்ணம் நிர்வாகத்தில் வேரூன்றியது இங்கேதான். 2010இல் அது பெரிய விலை கேட்டது.

2010: உடைந்த விதம்

2009-10 பருவத்தில் பெர்சிக் கெடிரி தன் ஊரில் பெர்செபாயாவுடன் ஆட வேண்டிய ஆட்டத்துக்குக் காவல்துறை அனுமதி பெற முடியவில்லை. ஆட்டத்தை நடத்த முடியாத சொந்த ஊர் அணி 0-3 என்று தோற்றதாகக் கொள்வதே வழக்கம். முதலில் அப்படித்தான் தீர்ப்பு வந்தது. அந்தப் புள்ளிகளால் பெர்செபாயா கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பிக்க வழியிருந்தது. பிறகு மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டு, ஆட்டத்தை ஆகஸ்டில் பாலெம்பாங்கில் நடத்த உத்தரவானது. பெர்செபாயா போகவில்லை. தோல்வியாகக் கணக்கிடப்பட்டு, கீழே இறக்கப்பட்டது. அதற்கு மேல் நின்ற பெலித்தா ஜெயா பிளே-ஆஃப் ஆடித் தப்பியது. திட்டமிட்டே நடத்தப்பட்டது இது என்பது சுராபாயாவின் நம்பிக்கை. திட்டமோ இல்லையோ, ஒரு தீர்ப்பைப் பருவத்தின் முடிவில் மாற்றியதே நியாயத்தைக் குலைத்துவிட்டது.

அப்போது பிஎஸ்எஸ்ஐயின் தலைமையை எதிர்த்து, தொழிலதிபர் அரிஃபின் பனிகோரோவின் ஆதரவோடு லிகா பிரீமியர் இந்தோனேசியா என்ற தனி லீக் உருவாகிக்கொண்டிருந்தது. நகராட்சிப் பணம் இல்லாமல் நடத்துவோம் என்பது அதன் முழக்கம். பெர்செபாயாவின் நிர்வாகம் அதில் சேர்ந்தது. 'பெர்செபாயா 1927' என்ற பெயரில் 2011 ஜனவரியில் ஆடத் தொடங்கியது. பிஎஸ்எஸ்ஐயின் பார்வையில் அது சட்டத்துக்குப் புறம்பான லீக்.

இந்த இடைவெளியில்தான் இரட்டை பிறந்தது. கிழக்குக் கலிமந்தானின் பெர்சிகுபார் குத்தாய் பாராட் அணியின் இடம் சுராபாயாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அதற்குப் 'பெர்செபாயா' என்று பெயரிடப்பட்டு, இரண்டாம் பிரிவில் ஆடவைக்கப்பட்டது. உறுப்பினர் இடமும் அதன் பக்கம் போனது. அதை நடத்தியது பிடி மித்ரா மூடா இந்தி பெர்லியன் என்ற நிறுவனம். அசல் அணியை நடத்தியது பிடி பெர்செபாயா இந்தோனேசியா. ஒன்றிடம் வாக்குரிமை இருந்தது. மற்றதிடம் கிளப்பின் தொடர்ச்சியும் ரசிகர்களும் இருந்தார்கள். இரண்டாம் அணி 2013இல் பிரிவை வென்று, 2014இல் முதல்நிலை லீகான இந்தோனேசியா சூப்பர் லீகில் ஆடியது. நல்ல அணிதான். ஆனால் போனெக்குகள் அதன் ஆட்டங்களுக்குப் போக மறுத்தார்கள். பல்லாயிரம் பேர் திரளும் நகரத்தில் இருக்கைகள் காலியாகக் கிடந்தன.

பெர்செபாயா 1927 அந்த எதிர் லீகில் நன்றாகவே ஆடியது; 2011-12இல் செமன் பாடாங்குக்கு அடுத்து இரண்டாம் இடம். ஆனால் 2013 மார்ச்சில் பிஎஸ்எஸ்ஐ மாநாடு இரண்டு லீகுகளையும் ஒன்றாக்க முடிவு செய்தபோது, ஒரே பெயரில் இரண்டு அணிகள் இருந்த இடங்களில் சூப்பர் லீக் தரப்பின் அணிக்கே இடம் என்றாகிவிட்டது. அந்த ஆண்டோடு 1927 அணி களத்திலிருந்து மறைந்தது.

பெயர் திரும்பிய வழி

மீட்பு மூன்று பாதைகளில் நடந்தது, மூன்றும் தேவைப்பட்டன.

முதலாவது அரசு. 2015இல் தொழில்முறை விளையாட்டு வாரியமான போப்பி, மலாங் நகர அணியான அரேமாவும் பெர்செபாயாவும் உரிமை ஆவணங்களில் தெளிவில்லாதவை என்று கூறி, லீகில் ஆடப் பரிந்துரை தர மறுத்தது. இரண்டு நிறுவனங்கள் ஒரே பெயரை உரிமைகோரும்போது எதற்கு அனுமதி என்ற எளிய கேள்வி அது. பிஎஸ்எஸ்ஐ பணியவில்லை. விளையாட்டு அமைச்சர் இமாம் நஹ்ராவி ஏப்ரலில் பிஎஸ்எஸ்ஐயை முடக்கினார். அரசுத் தலையீடு என்று கூறி மே 30 அன்று ஃபிஃபா இந்தோனேசியாவைத் தடை செய்தது. தடை நீங்கியது 2016 மே மாதம். ஒரு முழு ஆண்டு நாட்டின் கால்பந்து நின்றுபோனதன் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று, பெர்செபாயா யாருடையது என்ற இந்தத் தகராறு.

இரண்டாவது சட்டம். பெயருக்கும் சின்னத்துக்குமான உரிமை பிடி பெர்செபாயா இந்தோனேசியாவுக்கே என்று அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்திலும், பிறகு 2016இல் சுராபாயா வணிக நீதிமன்றத்திலும் முடிவானது. இதன் விளைவை எதிர் அணியின் பெயர் மாற்றங்களிலேயே படிக்கலாம்: பெர்செபாயா யுனைட்டட், போனெக் எஃப்சி, சுராபாயா யுனைட்டட், காவல்துறை அணியோடு இணைந்தபின் பயாங்கரா சுராபாயா யுனைட்டட், கடைசியில் வெறும் பயாங்கரா எஃப்சி. அந்த அணி 2017இல் பெக்காசிக்கும், பிறகு சோலோவுக்கும், 2025இல் லாம்புங்குக்கும் குடிபெயர்ந்தது. தேசியப் பட்டம் வென்ற பிறகும் அதற்கென்று ஓர் ஊர் அமையவில்லை.

மூன்றாவது ரசிகர்கள். நீதிமன்றம் பெயரைத் தரலாம். லீகில் ஆடும் இடத்தைத் தர வேண்டியது பிஎஸ்எஸ்ஐ மாநாடு. 2016இல் ஜகார்த்தாவில் மாநாடு கூடியபோதெல்லாம் போனெக்குகள் ஆயிரக்கணக்கில் போய் முகாமிட்டார்கள். நவம்பர் மாநாட்டில் முடிவு தள்ளிப்போடப்பட்டது. 2017 ஜனவரி 8 அன்று பாண்டுங்கில் கூடிய மாநாட்டில்தான் பெர்செபாயாவும் வேறு சில கிளப்புகளும் மீண்டும் உறுப்பினர்களாக ஏற்கப்பட்டன. அன்று பாண்டுங்குக்கு வந்து சேர்ந்த போனெக்குகளுக்கு இடமும் உணவும் தந்தவர்கள் அந்நகர அணியான பெர்சிப்பின் ரசிகர்கள். ரயில் நிலையங்களில் கடை சூறையாடிய கூட்டம் என்று பெயர் வாங்கியவர்கள் ஒரு மாநாட்டுக்காக அமைதியாகக் காத்திருந்து வென்றார்கள். இந்தோனேசிய ரசிகர் இயக்கத்தின் வரலாற்றில் இதை மிகப் பெரிய சாதனையாக எண்ணுகிறேன்.

அடுத்த மாதம் டஹ்லான் இஸ்கானின் மகன் அஸ்ருல் அனந்தா கிளப்பின் தலைமையை ஏற்றார். பங்குகளில் 70 சதவீதம் அவர் தரப்பு நிறுவனத்துக்கு. 30 சதவீதம் உள் கிளப்புகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு. மார்ச்சில் கெலோரா பூங் தோமோ அரங்கில் நடந்த மீள்வருகை ஆட்டத்தில் எதிரணி பிஎஸ்ஐஎஸ் செமாராங். 1988இல் யாரை வெளியேற்றுவதற்காக அந்த 0-12 நடந்ததோ, அதே அணி.

பணத்தின் கதையும் அதற்குள் மாறிவிட்டது. தொழில்முறைக் கால்பந்துக்கு உள்ளாட்சிப் பணத்தைச் செலவிடுவதற்கு எதிரான உள்துறை அமைச்சக விதி 2011இல் கறாராக்கப்பட்டது. டிக்கெட், சட்டை விற்பனை, விளம்பரதாரர், ஒளிபரப்புப் பங்கு ஆகியவற்றில்தான் இனி வாழ வேண்டும். ஆசியக் கூட்டமைப்பின் கிளப் உரிமம் ஐந்து அம்சங்களைப் பார்க்கிறது: விளையாட்டு, உள்கட்டமைப்பு, பணியாளர், சட்டம், நிதி. சட்டம் என்ற அந்த ஒரே அம்சத்தை 2010இல் யாராவது உண்மையாகவே சோதித்திருந்தால் இரட்டை அணி உருவாகியிருக்காது. டிக்கெட் இல்லையென்றால் அரங்குக்கு வராதே என்ற முழக்கத்தைப் போனெக்குகளே எடுத்துக்கொண்டதும் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டுதான்.

கஞ்சுருஹானுக்குப் பிறகு

2022 அக்டோபர் 1 அன்று மலாங்கின் கஞ்சுருஹான் அரங்கில் பெர்செபாயா 3-2 என்று அரேமாவை வென்றது. சுமார் 38,000 பேர் கொள்ளும் அரங்குக்கு 42,000 டிக்கெட்டுகள் விற்கப்பட்டிருந்தன. ஆட்டத்தைப் பிற்பகலுக்கு மாற்றக் காவல்துறை கேட்டிருந்தும் அது இரவிலேயே நடந்தது. மோதலைத் தவிர்க்க போனெக்குகள் யாரும் அனுமதிக்கப்படவில்லை. ஆட்டம் முடிந்ததும் அரேமா ரசிகர்கள் சிலர் களத்துக்குள் இறங்கினார்கள். காவல்துறை களத்தில் மட்டுமின்றி பார்வையாளர் பகுதியை நோக்கியும் கண்ணீர்ப் புகை வீசியது. குறுகிய வாயில்களில் நெரிசலில் சிக்கியவர்களில் 135 பேர் இறந்தார்கள். அரங்கத்துக்குள் கண்ணீர்ப் புகை கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி எழுத்தில் சொல்கிறது. 2012 ஜூனில் பெர்செபாயாவின் சொந்தத் தம்பாக்சாரியிலேயே கண்ணீர்ப் புகையும் நெரிசலும் ஓர் உயிரைப் பறித்திருந்தது. பத்தாண்டு அவகாசம் இருந்தும் நாடு அதிலிருந்து எதையும் கற்கவில்லை.

அதன்பின் லீகில் வெளியூர் ரசிகர்களுக்குத் தடை வந்தது. அரங்க வாயில்களையும் காவல் நடைமுறையையும் சரிசெய்வதைவிட ரசிகரை வீட்டில் இருக்கச் சொல்வது நிர்வாகத்துக்குச் சுலபம். பயணமே அடையாளமாகிவிட்ட ஒரு கூட்டத்துக்கு இது பெரிய இழப்பு. மறுபக்கம், மலாங்கில் இறந்தவர்களுக்காக சுராபாயாவில் போனெக்குகள் விளக்கேற்றிக் கூடியதும் உண்மை.

இன்றைய ஆட்டங்கள் பெரும்பாலும் நகரத்தின் மேற்கு ஓரமான பெனோவோவில், 2010இல் திறக்கப்பட்ட பூங் தோமோ அரங்கில் நடக்கின்றன. பக்கத்தில் நகரத்தின் குப்பைக் கிடங்கு. காற்று திரும்பினால் நாற்றம் அரங்குக்குள் வரும். 2023இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக அரங்கு சீரமைக்கப்பட்டது. நகரின் நடுவே இருக்கும் தம்பாக்சாரிக்கு நடந்தே போன தலைமுறைக்கு இது தூரத்து இடம்தான்.

தம்பாக்சாரியை ஒட்டிய கரங்கயாம் மைதானமும் எரி இரியாந்தோ விடுதியும் இன்னும் கவலை தருபவை. அந்த நிலம் தனது சொத்து என்று நகராட்சி 2019இல் அதைப் பூட்டியது. கிளப் நீதிமன்றம் போனது. உள்லீகின் மையமாக இருந்த மைதானம் அது. ரிஸ்கி ரிடோ, எர்னாண்டோ ஆரி, இளம் வயதிலேயே முதல் அணிக்கு வந்து பின்னர் ஐரோப்பா சென்ற மார்செலினோ ஃபெர்டினான் என அண்மைக்காலத் தேசிய அணிக்கு பெர்செபாயா இளைஞர்களை வரிசையாகத் தந்தது. விலைக்கு ஆட்டக்காரர் வாங்கும் பெரிய முதலாளிகளோடு போட்டியிட முடியாத கிளப்புக்கு இந்த வரத்து ஒன்றே மூலதனம். உள் கிளப்புகளிடம் 30 சதவீதப் பங்கு இருக்கிறது. அவற்றின் பையன்கள் மாலையில் ஆட ஒரு மைதானம் உறுதியாக இருக்கிறதா என்பதையும் கிளப்பும் நகராட்சியும் அந்தப் பங்கோடு சேர்த்தே பேசி முடிக்க வேண்டும்.